கேனில் தண்ணீர் குறையவில்லை

“கேன்ல தண்ணி ஒரு சொட்டுக்கூடக் கொறையலீங்க. ஆனா தொட்டி நெறஞ்சு நிக்குது. அப்ப அந்தத் தண்ணி எங்கிருந்துங்க வந்துச்சு?”

சாஜிதா பேகம் இதைக் கேட்டபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர், அப்பா, அம்மா, நான் என நான்கு பேர் இருந்தோம். அவர் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. தொட்டியைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அன்று என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கே என்மேல் அருவருப்பு வருகிறது.

என் பெயர் கயல்விழி. வீடு கோயம்புத்தூர் வடவள்ளியில். பிளஸ் டூ முடித்து, அப்பா சொன்ன படிப்பில் சேரமாட்டேன் என்று சொல்லி ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறேன். நான் எழுத வந்தது சாஜிதா அக்காவைப் பற்றி. அவருக்கு நேர்ந்ததில் எனக்கும் பங்கு இருப்பதால் நடுநடுவே நானும் வர வேண்டியிருக்கிறது.

சாஜிதா அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. பிறந்தது கோட்டைமேடு, இப்போது இருப்பது கரும்புக்கடை; இரண்டுமே கோவையில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் பகுதிகள். கணவர் நிஜாம் பார்சல் வேன் ஓட்டுகிறார். அக்கா வேதியியல் படித்தவர். ஒன்பது வருடம் தினமும் ரயிலேறி திருப்பூர் போய், ஒரு சாயப்பட்டறையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்திருக்கிறார். பட்டறையிலிருந்து வெளியே போகும் தண்ணீரில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சாயம் என்று அளந்து எழுதுவதுதான் வேலை. செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் மீன் தொட்டியைச் சுத்தம் செய்ய வரும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பேன். அப்படித்தான் இதெல்லாம் தெரியும்.

“ஏனுங்க்கா அந்த வேலைய உட்டீங்க?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“மீட்டர் ஒண்ணு காட்டும். நோட்டுல வேற ஒண்ணு எழுதச் சொல்லுவாங்க.”

“எழுதுனீங்களா?”

“எழுதினேன் கண்ணு, எதுக்குப் பொய் சொல்றது? ஆறு மாசம் எழுதினேன். அப்பறம் ஒரு நா டிபன் பாக்ஸத் தொறந்தா தக்காளிச் சோறு. அந்தச் செவப்பப் பாத்ததும் ஓக்காளம் வந்துபோச்சு. மூடி வெச்சுப்போட்டு ரயிலேறிட்டேன். அதோட சேரி.”

“அந்தத் தக்காளிச் சோறு?”

“ரயில்ல பக்கத்துல இருந்த பாட்டிம்மா சாப்ட்டுப்போட்டு, உப்புக் கம்மிங்குது” என்று சொல்லிச் சிரித்தார்.

அதன் பிறகுதான் மீன் தொட்டிகளைப் பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டார். ஒரு வீடு இரண்டாகி, பதினான்கு வீடு வரைக்கும் வந்தது. ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே ஒரு கேன், பின்னால் ஒரு கேன் கட்டிக்கொண்டு வருவார். வந்ததும் புர்கா கையை முழங்கைக்கு மேல் மடித்து ரப்பர் பேண்ட் போடுவார். தொட்டி வேலை உள்ள நாளில் சோப்புப் போட்டுக் கை கழுவ மாட்டார், அத்தர் பூச மாட்டார். பெருநாளுக்கு மறுநாள் வந்தபோதுகூடப் பூசவில்லை. “எனக்கு வாசம், மீனுக்கு வெசம்” என்பார்.

ஒவ்வொரு வீட்டிலும் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஆணி அடித்து, நூலில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டிருப்பார். தேதி, உப்பு அளவு, சூடு, கேனில் எவ்வளவு தண்ணீர் என்று ஒவ்வொரு முறையும் எழுதுவார். மீட்டர் காட்டுவதை அப்படியே எழுதுவார். ஒரு தடவை அவரே உப்பைக் கூடுதலாகக் கலந்துவிட்டார். அன்றைக்கு நோட்டில் ‘என் தவறு’ என்று எழுதியிருந்தார். அப்பா அதை வந்தவர்களிடமெல்லாம் காட்டிச் சிரித்தார்.

அப்பாவின் பெயர் தமிழ்ச்செல்வன். மோட்டார் கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் மேனேஜர். எங்கள் தாத்தா மாரப்பன் அன்னூர்ப் பக்கம் பண்ணையத்தில் கூலி வேலை செய்தவர். தாகம் என்று கேட்டால் தோட்டத்துக்காரர்கள் எட்டி நின்று உயரத்திலிருந்து அவர் கையில் தண்ணீர் ஊற்றுவார்களாம். இந்தக் கதையை அப்பா தொட்டிக்குப் பக்கத்து சோபாவில் உட்கார்ந்துதான் விருந்தாளிகளுக்குச் சொல்வார். சொல்லி முடித்ததும் தொட்டியின் விளக்கைப் போடுவார். கடல் மீன்களும், பூ மாதிரி விரிந்து ஆரஞ்சு நிறத்தில் ஆடும் கடல் சாமந்தி என்ற உயிரும் அந்த வெளிச்சத்தில் தெரியும். வந்தவர்கள் “அடேங்கப்பா” என்பார்கள்.

கடல் மீன் தொட்டியில் ஒரு சங்கடம் உண்டு. தினமும் மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகும். தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. அதனால் நாளுக்கு நாள் உப்பு ஏறும். அதைச் சரிக்கட்ட, சுத்திகரித்த நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே ஊற்றிக்கொள்ளும் ஒரு கருவி இருக்கிறது. அப்பா அதை ‘ஆட்டோ’ என்பார். அலமாரிக்குள் ஒரு கீழ்த்தொட்டி இருக்கும்; மேலே இருக்கும் தண்ணீர் அதில் இறங்கி, ஒரு பெரிய மோட்டார் வழியாக மறுபடி மேலே ஏறும். அதன் சுவரில் ஒரு சென்சார் மாட்டியிருக்கும். சென்சாரின் முனை நகம் அளவு கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் தண்ணீர் பட்டுக்கொண்டிருந்தால் கருவி சும்மா இருக்கும். தண்ணீர் இறங்கி முனை காய்ந்தால், பக்கத்துக் கேனில் இருக்கும் குட்டி மோட்டார் ஓடித் தண்ணீர் ஊற்றும்.

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாஜிதா அக்கா வந்து சென்சாரைத் துடைத்தார். கேனை நிரப்பினார். கேனின் மேல் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதினார். நாத்தனார் மகள் கல்யாணம், பத்து நாள் கழித்துத்தான் வருவேன் என்றார்.

“நடுவுல எதாச்சும்னா?” என்று அம்மா கேட்டார்.

“போன் பண்ணுங்க. நீங்களா எதுவும் ஊத்திப்போடாதீங்க, தொட்டுப்போடாதீங்க.”

மறுநாள் பூஜை. எங்கள் வீட்டில் பூஜையன்று எந்த மிஷினும் ஓடக்கூடாது. பொட்டு வைக்கிற வேலை என்னுடையது. அம்மா சந்தனத்தைக் கெட்டியாகக் குழைப்பார். காரில் வைத்த பொட்டு நாலு மழை பெய்தாலும் போகாது. கிரைண்டர், மிக்ஸி, வாஷிங் மிஷின், தண்ணீர் மோட்டார், அப்பாவின் லேப்டாப், என் ஸ்கூட்டி, கரண்ட் மீட்டர் என்று வரிசையாக வைத்துக்கொண்டே வந்தேன். மீனுக்குக் காற்று வேண்டும் என்பதால் தொட்டியின் பெரிய மோட்டாரை நிறுத்தவில்லை. ஆட்டோவை மட்டும் நிறுத்தினேன். கழற்றிப் பார்த்தால், சென்சாரில் பொட்டு வைக்கிற மாதிரி வழவழவென்று இருந்த ஒரே இடம் அந்தக் கண்ணாடி முனைதான். சந்தனம் வைத்தேன், அதன் மேல் குங்குமம் வைத்தேன். ராத்திரி முழுவதும் அது அலமாரிக்குள் காய்ந்தது. காலையில் மறுபடி மாட்டி சுவிட்சைப் போட்டேன்.

அக்கா தொடாதீங்க என்று சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. பொட்டு வைப்பது தொடுவதில் சேரும் என்று தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது.

மறுநாள் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். தொட்டியை யாரும் கவனிக்கவில்லை. எட்டாம் நாள் காலையில் கூடத்தில் கொர்ர்ர் என்று ஒரு சத்தம். கீழ்த்தொட்டியில் தண்ணீர் இறங்கிப்போய்ப் பெரிய மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

அப்பா சாஜிதா அக்காவுக்கு இரண்டு தடவை போன் பண்ணினார். அவர் எடுக்கவில்லை. அது நிக்காஹ் நேரம் என்று பிறகு தெரிந்தது. “வேலைன்னா ஆளு, வெவகாரம்னா காணாம்” என்று அப்பா கத்தினார். அன்றைக்குப் பார்த்து, ஆறு நாளைக்கு ஒரு தரம் வரும் சிறுவாணித் தண்ணீர் குழாயில் வந்துகொண்டிருந்தது.

“கயலு, பக்கெட்டுல புடி.”

“அப்பா, அக்கா எதையும் ஊத்த வேண்டாம்னாங்களே.”

“ஏன், சிறுவாணித் தண்ணிக்கு மேல சுத்தமான தண்ணி உலகத்துல எங்கிருக்குது? மனுசன் குடிக்கறான், மீனு குடிக்காதா?”

குழாயடியில் குளோரின் வாடை மூக்கைத் தாக்கியது. மழைக்காலத்தில் எப்போதும் அப்படித்தான் இருக்கும். நான்தான் பிடித்துக் கொடுத்தேன். மூன்று பக்கெட். அப்பா மூன்றையும் ஒரே மூச்சில் ஊற்றினார். இரண்டே போதும் போலிருந்தது. “இருக்கட்டும்” என்று மூன்றாவதையும் ஊற்றினார். சத்தம் நின்றது. “பாத்தியா” என்றார்.

அடுத்த நாள் விடிந்ததும் நாற்றம்தான் என்னை எழுப்பியது. அழுகிய முட்டையும் மீன் சந்தையின் சாக்கடையும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். தொட்டித் தண்ணீர் பால் கலந்தது போல் வெளுத்திருந்தது. கடல் சாமந்தி உருகி, மூக்குச்சளி போலக் கல்லின் மேல் வழிந்து கிடந்தது. அந்தச் சளிக்குள் இரண்டு மீன்கள் வாயைத் திறந்தபடி ஒட்டியிருந்தன. இன்னொரு மீன் வடிகட்டியில் சிக்கிப் பாதி கரைந்திருந்தது. நத்தைகள் ஓட்டைவிட்டுத் தொங்கின. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல்களைத் திறந்தார். நான் குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

வாந்தி எடுத்துவிட்டு வந்தபோது அப்பா சோபாவில் உட்கார்ந்து செல்போனில் தட்டிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் அவர் போட்டது இதுதான்: ‘எங்கள் தொட்டியைப் பராமரித்த சாஜிதா பேகம், ஆட்டோவைச் சரியாகப் பொருத்தாமல் ஊருக்குப் போய்விட்டார். போன் எடுக்கவில்லை. எல்லா உயிரும் செத்துவிட்டன. யாரும் இவரைக் கூப்பிட்டு ஏமாற வேண்டாம்.’ கீழே அக்காவின் நம்பர். கூடவே அந்தச் சளியின் போட்டோ.

மூன்று பக்கெட்டைப் பற்றி அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

போனில் அப்பாவின் இரண்டு மிஸ்டு காலைப் பார்த்துவிட்டு மத்தியானம் சாஜிதா அக்கா வந்தார். கல்யாண வீட்டிலிருந்து அன்று காலைதான் திரும்பியிருந்தார். கையில் மருதாணி. குழுவில் வந்ததை அவர் பார்த்திருக்கவில்லை. நாற்றத்துக்கு முகம் சுளிக்காமல் தொட்டி முன்னால் ஒரு நிமிடம் நின்றார். பிறகு தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்துப் புறங்கையில் வைத்து முகர்ந்தார்.

“இதெல்லாம் உங்களாலதான்” என்றார் அப்பா.

“இருக்கலாமுங்க. பாத்துப்போட்டுச் சொல்றேன்.”

அலமாரிக்கு முன் சப்பணமிட்டு உட்கார்ந்து முதலில் கரண்ட் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. குட்டி மோட்டாரைக் கேனிலிருந்து எடுத்து நேராகப் பிளக்கில் சொருகினார். ஓடியது. ட்யூப் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போனார். வாயில் வைத்து ஊதினார், காற்று தாராளமாகப் போனது. கடைசியாக மோட்டாரைப் பழையபடி ஆட்டோவில் மாட்டி, சென்சாரைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கிப் பிடித்தார். முனை காற்றில் இருந்தால் மோட்டார் ஓட வேண்டும். ஓடவில்லை. தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும் பச்சை விளக்கு காற்றில்கூட எரிந்துகொண்டிருந்தது.

“காத்துல புடிச்சாலும் தண்ணி இருக்குதுங்குது. கண்ணு மறைச்சுக் கெடக்குது போல” என்று சொல்லி வெள்ளைத் துண்டால் முனையைத் துடைத்தார்.

துண்டில் மஞ்சளும் சிவப்புமாகப் பிசுக்கு ஒட்டியது. முகர்ந்து பார்த்தார். சந்தனம். சென்சாரை மறுபடி தூக்கினார். இந்த முறை மோட்டார் உடனே ஓடியது.

அம்மாதான் முதலில் பேசினார். “ஐயோ, கயலு பொட்டு வெச்சாளே.”

“சாமிக்கு வெச்ச பொட்டுல மீனு சாகுமா? என்ன பேச்சு பேசறே?” என்று அப்பா எகிறினார்.

“பொட்டுல சாகலீங்க” என்றார் அக்கா. “பொட்டுனால ஆட்டோ ஓடல, தண்ணி எறங்கிப்போச்சு. அதுக்கு உப்புத்தான் ஏறியிருக்கோணும். முப்பத்தஞ்சு இருந்தது முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது ஆயிருக்கோணும்.” மீட்டரை எடுத்துப் பார்த்தார். “ஆனா இப்ப முப்பத்தி மூணுதான் இருக்குது. எறங்கியிருக்குது.” கேனைத் திருப்பிக் கோட்டைக் காட்டினார். தண்ணீர் அவர் கிழித்த கோட்டிலேயே நின்றது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும்.

“ஏசித் தண்ணி ஒழுகியிருக்கும்” என்றார்.

“மூணு பக்கெட்டா ஒழுகும்ங்க?”

அக்கா கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிட்டார். அப்பா அடுத்த அறைக்குப் போய் டிவியைப் போட்டார். அம்மா காபி வைக்கிறேன் என்று உள்ளே போனார். நான் தரையைப் பார்த்தேன்.  அக்கா நூலில் தொங்கிய நோட்டை எடுத்து எழுதினார்: ‘கேன் அளவு மாறவில்லை. உப்பு 33. சென்சார் முனையில் சந்தனம். வெளித் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. எங்கிருந்து என்று வீட்டார் சொல்லவில்லை.’

எழுதி முடித்ததும் கிளம்பிப் போயிருக்கலாம். போகவில்லை. “இத இப்படியே உட்டா ஊடே நாறிப்போகுமுங்க” என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டார். எங்கள் வீட்டில் யாரும் தொடத் துணியாத சளியைக் கை நிறைய அள்ளி வாளியில் போட்டார். மருதாணிக் கையிலிருந்து நூல் நூலாக வழிந்தது. நான் வாளியைப் பிடித்திருந்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான்.

முக்காலியின் மேல் இருந்த அவருடைய செல்போன் அதிர ஆரம்பித்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

“கண்ணு, யாருன்னு பாருங்க. என்ற கை இப்படிக் கெடக்குது.”

பார்த்தேன். “வெள்ளிக்கிழமை வர வேண்டாம்னு போட்டிருக்காங்க்கா.”

“யாரு?”

“பிரத்யுஷா மேடம்னு இருக்குது.”

“ஊருக்குப் போறாங்களோ என்னமோ. அடுத்தது?”

“இனிமே வர வேண்டாம், வேற ஆளு பாத்துக்கறோம்னு இருக்குதுக்கா.”

அவர் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. மூன்றாவதாக வந்தது அப்பா எழுதிய அதே செய்தி. யாரோ ஒரு வாடிக்கையாளர், ‘இது உண்மையா?’ என்று கேட்டு அவருக்கே அனுப்பியிருந்தார்.

“படிங்க கண்ணு.”

“வேண்டாங்க்கா.”

“படிங்க அம்மணி. என்னயப் பத்தித்தானே?”

படித்தேன். அப்பா அடுத்த அறையில் டிவி சத்தத்தைக் கூட்டினார். அப்பா எழுதியதற்கு முன்னால், வழியில் யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ‘கரும்புக்கடைப் பக்கத்து ஆட்களை வீட்டுக்குள் விடும் முன் யோசியுங்கள்.’ அந்த வரியை நான் விழுங்கப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்து, “மேல என்னமோ இருக்குது போல, அதையும் படிங்க” என்றார். அதையும் படித்தேன்.

அவர் அழவில்லை. மிச்சமிருந்த சளியையும் அள்ளினார். கல்லைத் தேய்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். கையைக் கழுவிக்கொண்டு டிவி ஓடும் அறையின் வாசலில் போய் நின்றார்.

“சார், என்னயப் பத்தி எழுதியிருக்கீங்க. நெசமா இருந்தா இருக்கட்டும். தப்புன்னு தெரிஞ்சா திருத்திப் போட்டுடுங்க. நானும் பதினாலு ஊட்டுக்குப் போறவ.”

“பாக்கலாம், பாக்கலாம்” என்றார் அப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மா கொண்டுவந்த காபி ஆறிக் கிடந்தது. அக்கா அதைத் தொடாமல், “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா திருத்தவில்லை. மறுநாள் கேட்டேன், அதற்கு மறுநாளும் கேட்டேன். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, “ரெண்டு பக்கெட்டு தண்ணிக்கு இத்தன பேச்சா?” என்றார்.

“மூணு பக்கெட்டுப்பா.”

“இப்பப் போயி நான் ஊத்தினேன்னு போட்டா குரூப்புல எவன் மதிப்பான்? எல்லாம் பெரிய பெரிய ஆளுக இருக்கற எடம். நானே இப்பத்தான் உள்ள போயிருக்கறேன்.”

“அந்தக் கரும்புக்கடை வரி?”

“அது நான் எழுதுனதில்ல.”

“எழுதினவங்கள நீங்க ஒண்ணுமே கேக்கலியே. தாத்தாவுக்குத் தண்ணி ஊத்துன கதைய மட்டும் எல்லாருக்கும் சொல்றீங்க.”

அப்பா கை கழுவாமல் எழுந்து போனார். “அது வேற, இது வேற” என்று அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. என்ன வேற என்று எனக்கு இன்று வரை புரியவில்லை. சாமந்தி அழுகிய நாற்றம் இரண்டு நாளில் போய்விட்டது. அன்று சோற்றுத் தட்டு முன்னால் வந்த அருவருப்பு போகவில்லை.

நோட்டின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, குழுவை நடத்தும் ரவிதேஜாவுக்கு அனுப்பினேன். போனில் மரியாதையாகத்தான் பேசினார். “ஏம்மா, உங்கப்பா மெம்பரு. குடும்பத்துக்குள்ள இருக்கற விசயத்த நான் எப்படிங்க பொதுவுல போடறது? ரெண்டு மாசம் போனா எல்லாரும் மறந்துருவாங்க.” சளி போட்டோவைப் போடும்போது அது குடும்ப விஷயமாகத் தெரியவில்லை.

அதற்குள் பதினான்கு வீடுகளில் பதினொன்று போய்விட்டது.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கரும்புக்கடை போனேன். சாஜிதா அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து காலிக் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நிஜாம் அண்ணன் நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்காராமலே சொன்னேன். “மூணு பக்கெட்டு சிறுவாணித் தண்ணிக்கா. அப்பா ஊத்தினாரு. நாந்தான் புடிச்சுக் குடுத்தேன். பொட்டு வெச்சதும் நாந்தான்.”

“தெரியுமுங்க” என்றார்.

“தெரிஞ்சும் ஏன் கேட்டீங்க?”

“நான் சொன்னா ‘தப்பிக்கறதுக்குச் சொல்றா’ம்பாங்க. உங்க ஊட்டு வாயில இருந்து வந்தா நிக்கும்.” கேனைக் கவிழ்த்து வைத்தார். “அன்னிக்கு நீங்க தலையக் குனிஞ்சப்ப எனக்கு உங்கப்பா மேலகூட அத்தன கோவம் வரல கண்ணு. உங்க மேலதான் வந்துச்சு.”

மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

“இதையெல்லாம் எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவப்போகுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க பதினொரு ஊட்டுல இருக்காங்க. போயி அங்க சொல்லுங்க.”

நான்கு வீடுகளுக்குப் போனேன். இரண்டு வீட்டில் கதவைத் திறக்காமலே பேசினார்கள். ஒரு வீட்டில் முழுவதும் கேட்டுவிட்டு, “இப்ப வேற ஆளு வெச்சாச்சு, பாவம்தான்” என்றார்கள். நான்காவது வீட்டு அம்மா மட்டும் நோட்டின் போட்டோவை இரண்டு முறை படித்துவிட்டு அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டார். மீதி வீடுகள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது, அக்காவிடம் போய்க் கேட்க முகமும் இல்லை. அந்தச் செய்தி இன்னும் எத்தனை குழுக்களுக்குப் போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. போன மாதம் பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் அக்காவைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார். அவரிடம் மீன் தொட்டியே இல்லையாம்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பெயரை மாற்றி எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். “பேரப் போட்டுத்தானே கெடுத்தாங்க, பேரப் போட்டே எழுதுங்க” என்றார். அப்பாவிடம் கேட்கவில்லை. நாளைக்கு அவர் இதைப் படிப்பார். வீட்டில் என்ன நடக்கும் என்று ஓரளவு தெரியும். அதற்குப் பயந்து ஒரு தடவை வாயை மூடியது போதும்.

நடந்தது இவ்வளவுதான். சாஜிதா பேகம் ஆட்டோவைச் சரியாகத்தான் மாட்டினார். அதன் கண்ணைச் சந்தனத்தால் மறைத்தது நான். குளோரின் தண்ணீரை ஊற்றியது என் அப்பா தமிழ்ச்செல்வன். பிடித்துக் கொடுத்தது நான். உயிர்கள் அதில்தான் செத்தன.

அந்தச் செய்தி யார் கைக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாததால், இதைப் படிக்கும் உங்களைத்தான் கேட்க முடியும். மீன் தொட்டி வைத்திருப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதை அவருக்கு அனுப்புங்கள். தெரியாவிட்டாலும் கோயம்புத்தூரில் இருக்கும் யாராவது ஒருவருக்கு அனுப்புங்கள். நீளமாக இருக்கிறது என்று சுருக்க வேண்டாம். முன்னாலும் பின்னாலும் ஒரு வரிகூடச் சேர்க்காமல் அப்படியே அனுப்புங்கள்.